பெயர் போடாத கேள்வி

எங்கள் அண்ணா அம்பிக்கு இந்த உலகத்தில் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. அதனால், முன்பின் தெரியாதவர்களிடம் யோசனை கேட்பவர்களைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வேலையத்த கூட்டம்! குழாய் ஒழுகினா பிளம்பரைக் கூப்பிடணும். ஊரைக் கூட்டி வச்சுண்டு கேப்பாளா?" என்று என் கைபேசியைப் பார்த்துக் கத்துவான். அவன் கத்துவது எனக்காகத்தான். நானும் ராயப்பேட்டை நஸ்ருன்னிசாவும் முகநூலில் 'மயிலை அக்கம்பக்கம்' என்று ஒரு குழு நடத்துகிறோம். அவள் ராயப்பேட்டையில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவள். கடைக்கு வருகிறவர்களெல்லாம் புடவையோடு வீட்டுக் கவலையையும் கொடுத்துவிட்டுப் போக, அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்த யோசனையே வந்தது.

என்னென்னவோ கேட்பார்கள். அடிப்பிடித்த குக்கரை எதைப் போட்டுத் தேய்ப்பது, கல்யாணத்துக்கு முன்னால் ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுக்கும் டெய்லர் மயிலாப்பூரில் உண்டா, மேல் வீட்டுக்காரி ஈரத்துணியை நம் தலைக்கு மேலே காயப்போட்டால் சண்டை வராமல் எப்படிச் சொல்வது, காது கேட்காத மாமனாரைக் கருவி வைத்துக்கொள்ள எப்படிச் சம்மதிக்க வைப்பது. பதில் சொல்ல ஒரு ஊரே காத்திருக்கும். குக்கர் கேள்விக்கு வினிகர் என்று ஒருவர் சொல்லுவார், புளி என்று இன்னொருவர் சொல்லுவார், இரண்டு பேரும் சாயங்காலம் வரை அடித்துக்கொள்வார்கள். போன் கணகணவென்று அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கும் ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்காத உடம்பு, சரியாகப் போயிற்று.

வீட்டு ரகசியம் கேட்பவர்கள் பெயர் போடாமலும் கேட்கலாம். அப்படிப் பெயர் போடாமல் எழுதுவது எல்லாம், கேள்வியோ பதிலோ, முதலில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் வரும். எழுதியவர் யார் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். நாங்கள் சரி என்று அழுத்தினால்தான் மற்றவர்கள் படிக்க முடியும். என்ன ஆனாலும் பெயரை வெளியே விடுவதில்லை என்று ஆரம்பித்த அன்றைக்கே பேசிவைத்துக்கொண்டோம்.

மந்தைவெளியில் கீழ் வீட்டில் நான், மாடியில் அண்ணாவும் அவன் மனைவி ஹம்சா மன்னியும். அண்ணா அரசாங்கக் கணக்கு ஆபீசில் சின்ன வயதில் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலம் முழுக்க அடுத்தவன் ஃபைலில் ஆட்சேபம் எழுதுவதுதான் அவன் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் ஃபைல் போயிற்று, ஆட்சேபம் வீட்டுக்கு வந்துவிட்டது. காபியில் டிகாக்ஷன் தண்ணீர், ரசத்தில் மிளகு தூக்கல், ஜன்னல் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். சபாவில் உட்கார்ந்து பாடகிக்குத் தாளம் போட்டுக் காட்டுவான். என்னிடம் வாலாட்ட மாட்டான். ஒன்று சொன்னால் நான் நாலு திருப்பிக் கொடுப்பேன். அவனைப் பார்த்தே எனக்குக் கல்யாண ஆசை விட்டுப்போனது என்று அவன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன், பல்லைக் காட்டிச் சிரிப்பான். ஹம்சா மன்னி திருப்பிப் பேசுகிறவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் வாய்விட்டுச் சிரிப்பாள், கணக்கில் பட்டம் வாங்கியவள், பள்ளிக்கூடத்தில் வேலைகூடக் கிடைத்தது. "ஒனக்கு என்ன தெரியும்? நாலு பசங்களை மேய்க்க முடியுமா ஒன்னால?" என்று அண்ணா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அதோடு வேலையும் போயிற்று, சிரிப்பும் போயிற்று.

புரட்டாசி பிறந்ததும் எங்கள் குழுவுக்குப் பெயர் போடாமல் ஒரு கேள்வி வந்தது. இப்படி எழுதியிருந்தாள் ஒரு பெண்மணி:

"எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. கணவர் ஓய்வு பெற்றவர். காலையில் பார்க்கில் நடந்துவிட்டு வந்தால் காபியில் ஆரம்பித்து ராத்திரி மோர் சாதம் வரை குற்றம்தான். கச்சேரிக்குப் போனால் பாடுகிறவளுக்கே தாளம் சொல்லிக் கொடுப்பார். நான் எதைச் சொன்னாலும் 'ஒனக்கு என்ன தெரியும்' என்பார். அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் என்னால் இனி முடியாது. திருவான்மியூர் பக்கம், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், தனியாக ஒரு பெண் இருக்க ஒரு அறை கிடைக்குமா? இவரிடம் இதை எப்படிச் சொல்வது?"

அது ஹம்சா இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யார் என்று மட்டும் கேட்காதீர்கள், தலையே போனாலும் சொல்ல மாட்டேன்.

சரி என்று அழுத்தியதுதான் தாமதம், மழை கொட்டுகிற மாதிரி பதில். தரைத்தளமாகப் பாருங்கள், முழங்காலுக்கு நல்லது. தண்ணீர் வருகிறதா என்று கோடையில் போய்ப் பாருங்கள். முதலில் குடி போய்விடுங்கள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பொறுத்துப் போங்கள் என்று ஒருவர் எழுத, "நீங்க வந்து பொறுத்துக்கோங்கோ சார்" என்று ஒருத்தி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். எல்லாவற்றையும் மிஞ்சியது எது தெரியுமா? "ஐயையோ, இது எங்காத்துக்காரரேதான்!" என்று பெண்கள் வரிசை வரிசையாக எழுதியது. மயிலாப்பூரில் இந்த ஜாடையில் கணவர்களுக்கு என்ன பஞ்சமா?

அண்ணா மட்டும் அப்படி நினைக்கவில்லை. குழுவைத் திட்டினானே தவிர, அதில் அவனும் இருந்தான். ஒரு கேள்வி விடாமல் திருட்டுத்தனமாகப் படிப்பான். அன்று காலை பார்க்கிலிருந்து நேராக என் வீட்டுக்குள் வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது.

"விசாலி, இதை எழுதினது ஹம்சாதானே?"

"எதை?"

"நடிக்காதேடி. பார்க், காபி, கச்சேரி, 'ஒனக்கு என்ன தெரியும்'. என்னைத் தவிர வேற எவன் இருக்கான் இப்படி?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குற்றம் சொல்வதில்கூடத் தனக்கு ஜோடி கிடையாது என்று நினைக்கிற மனுஷனை என்ன செய்வது? "ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் அண்ணா" என்றேன்.

"மழுப்பாதே. நீதானே அட்மின். ஒனக்குப் பேர் தெரியுமோல்லியோ? ஆமாவா, இல்லியா? ஒரே வார்த்தை."

"சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்றதில்லை."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடியும் உட்கார்ந்தான். "நான் படிச்சுட்டேன்னு அவகிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா இன்னிக்கே கெளம்பிடுவா. கபாலி மேல சத்தியம் பண்ணு" என்றான். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அதனால் சத்தியம் செய்து தொலைத்தேன்.

அவன் போனதும் நஸ்ருன்னிசாவைக் கூப்பிட்டேன். "ஹம்சா இல்லைன்னு மட்டும் சொல்லிடட்டுமா? பாவமா இருக்கு" என்றேன்.

"கம்முனு கெட விசாலி" என்றாள். "காலைலேர்ந்து எனக்கே ரெண்டு பேர் போன் போட்டாங்க, என் சம்சாரமா, என் சம்சாரமான்னு. ஒருத்தருக்கு இல்லன்னு சொன்னா எல்லாருக்கும் சொல்லணும். கடசில யாருக்கு சொல்லாம உட்றமோ, அவரு ஊட்டம்மா மாட்டிக்கினு முழிக்கும். நம்மள நம்பி எழுதிக்கீது அது."

அவள் சொன்னது நியாயம். அதோடு, உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு உள்ளூர ஒரு குஷியும் இருந்தது. கொஞ்ச நாள் தவிக்கட்டுமே, மன்னிக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து மாடியில் கூத்து ஆரம்பித்தது. அண்ணா காபி குடித்த டம்ளரைத் தானே அலம்பினான். ரசம் பிரமாதம் என்றான். அன்றைக்கு மன்னி ரசத்தில் உப்பே போட மறந்திருந்தாள்! மின்விசிறி போடட்டுமா, கால் வலிக்கிறதா, என்ன வேண்டும் ஹம்சா, என்ன வேண்டும் என்று பின்னாலேயே திரிந்தான். அவள் பீரோவைத் திறந்தால் வாசலில் வந்து நின்றான். தண்ணீர்த்துறை மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றான். பிரதோஷத்தன்று மன்னி திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பினாளே, அவ்வளவுதான், அவனுக்கு உயிரே இல்லை. அந்தக் கேள்வியில் திருவான்மியூர் வந்ததல்லவா? அவள் பஸ் ஏறியதும் இவன் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனான்.

ஆட்டோ பிடித்ததை நான் வாசலிலிருந்தே பார்த்தேன், மற்றதெல்லாம் மன்னி சொல்லித்தான் தெரியும். மறுநாள் சாப்பாடு முடிந்ததும் கீழே இறங்கி வந்தாள்.

"விசாலி, ஒங்கண்ணாவுக்கு என்னமோ ஆயிடுத்து."

"என்ன ஆச்சு மன்னி?"

"நேத்திக்குக் கோயில்ல பிரதட்சிணம் பண்றேன், தூணுக்குப் பின்னால நின்னுண்டு என்னையே பாத்துண்டிருக்கார். நான் பாத்ததை அவர் கவனிக்கலை. பாக்காத மாதிரி வந்துட்டேன். இதோ இப்போ மோர் சாதத்துக்கு 'ரொம்ப நன்னா இருக்கு'ன்னார். மோர் சாதம்டி! அதுல நன்னா இருக்கறதுக்கு என்ன இருக்கு?" புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "ஒங்கப்பாவும் போறதுக்கு முன்னால இப்படித்தானே திடீர்னு சாதுவா ஆனார்? எனக்குப் பயமா இருக்கு."

எனக்குச் சொரேல் என்றது. அப்பா விஷயம் வாஸ்தவம். கடைசி மாதத்தில் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை அவர், டாக்டர் பிற்பாடுதான் தலையில் கட்டி என்று சொன்னார். விளையாட்டு என்று நான் நினைத்தது இவளுக்கு எப்படித் தெரிந்திருக்கிறது பாருங்கள்! கபாலி மேல் சத்தியம் செய்த வாயை நானே சபித்துக்கொண்டேன்.

"நீ அண்ணாவையே கேளேன் மன்னி. என்ன இப்படி மாறிட்டேள்னு நேரா கேளு."

"அவரையா?" என்றாள். திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "அவரைப் போய் நான் எப்படிக் கேக்கறது?"

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேள்வி என்றால் அவன் கேட்பான், இவள் பதில் சொல்லுவாள், பதில் தப்பாக இருக்கும். அப்படியே பழகிவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள் மாடி ஏறிப் போனபிறகு சத்தியத்தை மீறிவிடலாமா என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். குக்கரை வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தேன்.

அதற்குள் போன் அடித்தது. பெயர் போடாத கேள்வி ஒன்று. எழுதியவள் ஹம்சா. தெரிந்தவர்கள் கண்டுபிடிக்கக் கூடாதென்று ஊரையும் உத்தியோகத்தையும் மாற்றியிருந்தாள்.

"நாங்கள் அடையாறில் இருக்கிறோம். கணவர் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், எழுபது வயது. எப்போதும் கோபக்காரர். கொஞ்ச நாளாகக் கோபமே இல்லை. எதைச் சமைத்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறார், பாத்திரம் அலம்புகிறார், எங்கே போகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். இது ஏதாவது வியாதியின் ஆரம்பமா? எந்த டாக்டரிடம் கூட்டிப் போவது? எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது."

நான் யோசிப்பதற்குள் நஸ்ருன்னிசா சரி என்று அழுத்திவிட்டாள். அப்புறம்தான் பார்க்க வேண்டும், யோசனை சொல்கிறவர்களின் லட்சணத்தை! உடனே ஸ்கேன் எடுங்கள் என்றான் ஒருவன். என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான், ஆறு மாசத்தில் பெயரே மறந்துபோச்சு என்றாள் ஒருத்தி. ஏதாவது ரிப்போர்ட் வந்து உங்களிடம் மறைக்கிறாரோ என்று இன்னொருத்தி. அவருடைய போனை எடுத்துப் பாருங்கள், வெளியில் வேறு யாராவது இருக்கலாம் என்று ஒரு மகராசி. மாடியில் மன்னி இதையெல்லாம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை. ஆனது ஆகட்டும், மேலே போய்ப் போட்டு உடைத்துவிடுவது என்று வாசல் வரை வந்தேன்.

போன் மறுபடி அடித்தது. ஹம்சாவின் கேள்விக்குப் பெயர் போடாமல் ஒரு பதில். எழுதியவன் அம்பி.

நின்ற இடத்திலேயே படித்தேன்.

"அம்மா, ஸ்கேன் எல்லாம் வேண்டாம். உங்கள் கணவருக்கு வியாதி இல்லை. பயம். நீங்கள் விட்டுவிட்டுப் போய்விடுவீர்களோ என்ற பயம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கும் அதேதான். என் மனைவி தனியாகப் போக நினைக்கிறாள் என்று தெரியவந்தது. அவளைக் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? அன்றைக்குக் கோயிலுக்குப் போனாள், பின்னாலேயே போய்த் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் சாமி கும்பிடுவதை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். வீட்டில் அவளுக்கு அந்த முகம் இல்லை. நான்தான் இல்லாமல் செய்திருக்கிறேன் போலிருக்கிறது. உங்கள் கணவரும் அப்படி எதையாவது பார்த்திருப்பார். அவரை மன்னிக்க வேண்டாம் அம்மா. ஆனால் போய்விடாதீர்கள்."

பாருங்கள், யாரோ எழுதியதைத் தன் மனைவி எழுதியது என்று நம்பித் தவித்தவனுக்கு, தன் மனைவி நிஜமாகவே எழுதியது யாரோ எழுதியதாகத் தெரிந்திருக்கிறது. அடையாறு, பேராசிரியர் என்று போட்டதை அப்படியே நம்பிவிட்டான். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

நஸ்ருன்னிசா கூப்பிட்டாள். "இன்னா விசாலி இது? கேள்வியும் பதிலும் ஒரே ஊட்லேர்ந்து வந்துகீது?"

"ஆமாம். நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னா பண்றது? மத்தவங்களுது வந்தா இன்னா பண்ணுவ? அதயே பண்ணு."

கண்ணை மூடிக்கொண்டு சரி என்று அழுத்தினேன்.

அப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போனேன், குக்கர் தீய்ந்த வாசனையில் அடுப்பை அணைத்தேன், மறுபடி படிக்கு வந்தேன். மாடியில் மன்னி உள்ளறையிலும் அண்ணா முன்னறையிலும் இருப்பார்கள், நடுவில் ஒரு சுவர். மேலே ஒரு சத்தமும் இல்லை. மன்னி படித்திருப்பாளா? தூண் என்ற வார்த்தையைப் பார்த்திருப்பாளா? பார்த்துவிட்டு நிஜமாகவே பெட்டியைக் கட்டிவிட்டால்? நாமே போய் இல்லாத யோசனையை அவளுக்குக் கொடுத்துவிட்டோமோ என்று நினைத்ததும் எனக்குப் பகீரென்றது.

அவள் பதில் வந்தது. அதுவும் பெயர் போடாமல்தான். ஆனால் இந்த முறை அடையாறும் இல்லை, பேராசிரியரும் இல்லை, எழுத்துத் தமிழும் இல்லை.

"தனியாப் போக ரூம் கேட்டு இங்க வந்ததே, அதை நான் எழுதலை. எனக்கு அது தோணவும் இல்லை, தோணியிருக்கணும். நீங்க இந்தக் கொஞ்ச நாளாப் பட்ட பயத்தை நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பட்டுண்டிருக்கேன். படியில ஒங்க செருப்புச் சத்தம் கேட்டாப் போறும், இன்னிக்கு எதுக்குக் கத்தப் போறாரோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இப்போ நீங்க கத்தாததுக்கும் அதேதான் அடிச்சுக்கறது. நான் எதுக்கு இப்படி இருக்கணும்? தூணுக்குப் பின்னால நின்னு பாத்தேளே, முன்னால வந்து ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

படித்து முடித்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. இதை ஊர் பார்க்க வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினேன். அவள் எழுதியது, அவள் அனுப்பியது, தடுக்க நான் யார்? அழுத்தினேன்.

மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணா படி இறங்கி வந்தான், சட்டைப் பொத்தான் ஒன்று போடாமல், கையில் போனோடு. என்னைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றான்.

"விசாலி, இது ஹம்சாவா?"

"சொல்ல மாட்டேன் அண்ணா."

"அப்போ முதல்ல வந்தது? ரூம் கேட்டது? அது அவ இல்லையா?"

"அதையும் சொல்ல மாட்டேன். ஏன் அண்ணா, ஒவ்வொண்ணுத்துக்கும் என்கிட்ட ஓடி வரே? ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் எழுதறே. அவளை மட்டும் கேக்க மாட்டியா? மாடியிலதானே இருக்கா!" கத்தினேன்.

அவன் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினான்.

நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் அவன் குரல் கேட்டது, ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ, கேள்வி மாதிரி இருந்தது. அப்புறம் மன்னியின் குரல். முதலில் தணிவாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக ஏறியது. அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி பேசினாள். பள்ளிக்கூட வேலை என்று காதில் விழுந்தது, அவர்கள் பெண் சாருலதாவின் கல்யாணத்தில் நடந்த ஏதோ ஒன்று விழுந்தது, அவள் அப்பா செத்த அன்றைக்கு என்று விழுந்தது. எனக்கே தெரியாததெல்லாம் வந்துகொண்டிருந்தது. தெருவில் பால்காரன் மணியடித்துவிட்டுப் போனான், அவள் நிறுத்தவில்லை.

போன் அடித்தது. நஸ்ருன்னிசா.

"இன்னா விசாலி, மேல இன்னா நடக்குது?"

"மன்னி பேசிண்டிருக்கா."

"உங்கண்ணன்?"

"கேட்டுண்டிருக்கான்" என்றேன்.